காலி கண்ணாடி பாட்டில்களை வைத்து வீட்டுக்கு என்ன செய்யலாம்? வெட்டாமல், துளைக்காமல்

மாடிப்படி:

எல்லோருக்கும் வணக்கம். பரண் முழுக்கக் காலி கண்ணாடி பாட்டில். தூக்கிப் போட மனம் வரவில்லை, வைத்துக்கொள்ள இடமும் இல்லை. உயரமான வெள்ளை பாட்டில்கள், ஒன்றிரண்டு பச்சை, மருந்து வந்த பழுப்புக் குட்டி பாட்டில்கள், அகன்ற வாய் ஜாடிகள், சதுரமாக ஒரு எண்ணெய் பாட்டில், இவ்வளவும் இருக்கிறது.

இணையத்தில் தேடினால் ஒன்று, மெஷின் இல்லாமல் முடியாத வேலையாக இருக்கிறது. இல்லையென்றால் முத்தும் லேசும் ஒட்டி, உள்ளே இருப்பது பாட்டில் என்றே தெரியாத அளவுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். ஜன்னல் ஓரத்துக்கு ஏதாவது, கூடத்து அலமாரிக்கு ஏதாவது, அவ்வளவுதான். டிரில், கட்டர் எதுவும் கையில் இல்லை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை உண்டு, அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

சும்மாவந்தேன்:

பரணை விற்றுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

தூசிதட்டி:

அவர் கிடக்கிறார், விடுங்கள் தோழி. அலங்காரத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் லேபிள். இந்த வேலையில் பாதி அதுதான்.

லேபிளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். அடியில் கோந்து காய்ந்து மொரமொரவென்று இருந்தால், அது தண்ணீரில் கரையும் வகை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தால் லேபிள் தானாகவே கழன்று மிதக்கும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது ஸ்டிக்கர் வகை. அதை நாள் முழுக்க ஊற வைத்தாலும் காகிதம் கூழாகுமே தவிர, பிசின் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்கு எண்ணெய்தான் வழி. சமையல் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி, அரை மணி நேரம் விட்டு, பழைய துணியால் வட்டமாகத் தேயுங்கள். பிசின் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருண்டு வரும். ஸ்டிக்கர் கிழியாமல் முழுசாக இருக்கிறதென்றால் இவ்வளவு பாடு வேண்டாம். ஹேர் டிரையரால் சூடு காட்டிவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக ஒரே இழுப்பாக உரித்தால் பெரும்பாலும் பிசினோடு சேர்ந்து வந்துவிடும்.

கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுங்கள். இது மிச்சம் இருந்தால் பெயின்டும் ஒட்டாது, பசையும் பிடிக்காது.

பொறுமைஇல்லை:

கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டால் இதெல்லாம் இரண்டு நிமிட வேலைதானே அக்கா?

கண்ணாடிக்கடை:

தம்பி, அந்தக் காரியம் மட்டும் வேண்டாம். பாட்டில் கண்ணாடி என்பது சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக சிலிக்கா, மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். சூடு பட்டால் இது விரியும் அளவு, அடுப்பில் வைக்கிற போரோசிலிகேட் கண்ணாடியைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. குளிர்ந்து கிடக்கும் பாட்டிலில் கொதிநீரை ஊற்றினால் உள்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் நகராது. நடுவில் மாட்டிக்கொள்ளும் சுவர் விரிசல் விடும். அடிப்பாகம் தடிமனாக இருப்பதால் பெரும்பாலும் அடி வளையத்தோடு கழன்றுவிடும்.

குழாய்த் தண்ணீரில் தொடங்கி, வெதுவெதுப்புக்குப் போய், பிறகு சூடு கூட்டுங்கள். அவசரம் என்றால் எண்ணெய் முறைதான்.

தூசிதட்டி:

அண்ணன் சொன்னதோடு உள்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கழுத்து குறுகலான பாட்டிலுக்குள் பிரஷ் போகாது. ஒரு கை கல்லுப்பு, கால் டம்ளர் வினிகர், வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நன்றாகக் குலுக்குங்கள். உப்பு கரைவதற்குள் அதன் கூர்முனை உள்சுவரைச் சுரண்டிவிடும், வினிகர் உப்புநீரால் படிந்த வெள்ளைக் கறையைக் கரைக்கும். கறை பழையதாக இருந்தால் வினிகரை நிரப்பி இரவு முழுக்க விடுங்கள்.

அப்புறம் காய வைப்பது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கவிழ்த்து வைத்தால் தண்ணீர் வடியும், ஆனால் ஈரக்காற்று மேலே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். வடிந்ததும் நிமிர்த்தி, வாயைத் திறந்தே விட வேண்டும். அடியில் சொட்டு நின்றால் டிஷ்யூ பேப்பரைத் திரி மாதிரி முறுக்கி உள்ளே விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தோடு மூடி போட்டால் உள்ளே பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும், விளக்கு போட்டால் அந்தப் புகைமூட்டம்தான் கண்ணில் படும்.

நிழல்விளக்கு:

மாடிப்படி, இங்கே இனி நிறையப் பேர் வந்து கயிறு சுற்று, பெயின்ட் அடி, கிளிஞ்சல் ஒட்டு என்பார்கள். அதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்றுமே செய்யாதீர்கள். கழுவி, சரியான இடத்தில் வையுங்கள். முக்கால்வாசி வேலை முடிந்தது.

கண்ணாடியிடம் இருக்கும் ஒரே சொத்து அது வெளிச்சத்தை உள்ளே விடுவது. அதை மூடி மறைத்துவிட்டால் அப்புறம் பிளாஸ்டிக் டப்பாவிலேயே செய்துவிடலாமே, எதற்குக் கண்ணாடி?

ஒற்றை பாட்டிலைத் தனியாக வைத்தால் யாரோ எடுத்துவைக்க மறந்த பாட்டிலாகத்தான் தெரியும். அதையே உயரம் மாற்றி மாற்றி மூன்றோ ஐந்தோ சேர்த்து, நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விட்டு வைத்தால் பார்ப்பவருக்கு அது வேண்டுமென்றே வைத்தது என்று புரிந்துவிடும். நிறத்தைக் கலக்காதீர்கள். எல்லாம் பழுப்பு, அல்லது எல்லாம் வெள்ளையோடு ஒரே ஒரு பச்சை. பின்னால் சுவர் இருக்கும் அலமாரியில் வைப்பதைவிட, பின்னாலிருந்து வெளிச்சம் வரும் ஜன்னல் மேடையில் வைத்துப் பாருங்கள். காலையில் சாய்ந்து வரும் வெயிலில் பழுப்பு பாட்டிலின் நிறம் மேடை முழுக்க நீளமாக விழும். எந்த பெயின்டிலும் அது வராது.

பழுப்பு நிறம் மேலே பூசியதல்ல, கண்ணாடி உருகும்போதே இரும்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்து தருவது. பச்சைக்கு குரோமியம், ஆழ்ந்த நீலத்துக்குக் கோபால்ட். அதனால் வெயிலில் வைத்தால் வெளுத்துவிடுமோ என்ற கவலை வேண்டாம்.

சணல்கயிறு:

நிழல்விளக்கு, நீங்கள் சொல்லும் அழகு அழகான பாட்டிலுக்குச் சரி. சாஸ் பாட்டிலில் கம்பெனி பெயர் புடைத்து நிற்கும், கழுத்தில் கீறல் இருக்கும். அதை என்ன செய்வதாம்? எல்லாரிடமும் வடிவான பழுப்பு பாட்டில் இருக்காது, சகோ.

மாடிப்படி, சணல் சுற்றுவது பார்க்க எளிது, செய்யவும் எளிது. இரண்டு விஷயத்தில் கவனம் வையுங்கள். முதலாவது கயிறு எவ்வளவு தேவை என்பது. 7.5 செ.மீ. விட்டமுள்ள பாட்டில் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 செ.மீ. போகும். 3 மி.மீ. கயிற்றால் 20 செ.மீ. உயரத்துக்குச் சுற்ற 67 சுற்று வேண்டும். கணக்குப் போட்டால் 16 மீட்டர்! சின்ன உருண்டையை வாங்கிவிட்டுத் தோள்பட்டையில் வந்து கயிறு தீர்ந்து நிற்பவர்கள்தான் அதிகம். நடுவில் முடிச்சு போட்டால் அந்த இடம் துருத்தும்.

இரண்டாவது, தொடங்கும் இடம். கீழிருந்து மேலே போங்கள். முதல் சுற்று அடியோடு ஒட்டி நேராக இருந்தால் மற்றதெல்லாம் அதன் மேல் உட்கார்ந்துகொண்டே போகும். தோள்பட்டை வளைவு வரும்போது கயிறு மேல்நோக்கி வழுக்கும். அங்கே மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் பசை வைத்து, பிடிக்கும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருங்கள். கயிற்றை முறுக்கு விடாமல், முறுக்கு இருக்கும் பக்கமாகவே சுற்றினால் பஞ்சு குறைவாகக் கிளம்பும். கிளம்பிய பஞ்சைக் கத்தரியால் நறுக்கிக்கொள்ளலாம்.

பசைக்குச்சியை உருக்கித் தரும் க்ளூ கன் வேண்டாம் என்பேன். வழுவழுப்பான கண்ணாடியில் அது தகடாக உரிந்து வரும், வெயில் ஜன்னலில் வைத்தால் இளகவும் செய்யும். வெள்ளைப் பசை மெதுவாகக் காயும், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான்.

நிழல்விளக்கு:

பிடித்தால் பிடித்ததுதான் என்கிறீர்களே, அதுதான் என் வழக்கே. வெறும் கண்ணாடி பாட்டிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கி மறுபடி பாட்டிலாக்கலாம், தரம் குறையாது. உடைத்த பழைய கண்ணாடியைக் கலந்தால் உலை எரிபொருளும் மிச்சம், 10 சதவீதம் கலந்தால் ஆற்றல் செலவு சுமார் 3 சதவீதம் குறையும். பசை, கயிறு, மினுக்குப் பொடி, சிமென்ட் எல்லாம் அப்பிய பாட்டிலை மறுசுழற்சிக்கு யாரும் கையால் தொட மாட்டார்கள். அலங்காரம் சலித்துப்போன அன்று அது குப்பைதான். சலிக்காத அலங்காரம் உண்டா என்ன?

குப்பையைக் குறைக்கிறேன் என்று தொடங்கி, பிரிக்க முடியாத குப்பையைச் செய்து வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சணல்கயிறு:

அதுவும் நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கயிறே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. பாட்டில் முழுக்கப் பசை பூசாமல், தொடங்கும் இடத்தில் இரண்டு அங்குல இருபுற டேப், முடியும் இடத்தில் அதே அளவு. நடுவில் இறுக்கமாகச் சுற்றினாலே கயிறு தன் பிடியில் நின்றுவிடும். நேரான உடம்புள்ள பாட்டிலுக்கு இது நன்றாகப் போகும். பிடிக்காத நாளில் ஒரு முனையை இழுத்தால் முழுசாகக் கழன்று வரும், கயிறும் வீணாகாது. தோள்பட்டைக்கு மேல் போகாமல் கீழ் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சுற்றினால் உங்கள் வெளிச்சமும் கெடாது. சரியா?

நிழல்விளக்கு:

சரி. இதற்கு எனக்கு மறுப்பில்லை.

சும்மாவந்தேன்:

இந்த இழையில் சண்டை இவ்வளவு சீக்கிரம் முடிந்தது ஏமாற்றமாக இருக்கிறது.

வண்ணக்குப்பி:

பெயின்ட் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் நிழல்விளக்கைப் பார்த்துப் பயம். நான் சொல்கிறேன்.

கண்ணாடியில் பெயின்ட் உரிவதற்குப் பெயின்ட் காரணமில்லை, விரல் ரேகைதான் காரணம். கழுவிக் காய்ந்த பாட்டிலை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்த பிறகு உடம்பில் கை வைக்கக்கூடாது. வாய்க்குள் ஒரு குச்சியையோ கரண்டிக் காம்பையோ விட்டுப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக, திட்டுத் திட்டாக, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அதை மூடிவிடலாம் என்று தடிமனாக அடித்தால் வழியும், காய்ந்தபின் தோலாக உரியும். மெல்லிய பூச்சு, காய விடு, மறுபடி மெல்லிய பூச்சு.

காய்வது வேறு, இறுகுவது வேறு. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் கண்ணாடிக்கு என்றே வரும் அக்ரிலிக் எனாமல் டப்பாக்கள் சிலவற்றில் முழுசாக இறுக 21 நாள் என்றே போட்டிருக்கும். அதற்கு முன் கழுவினால் போச்சு. ஓவன் அடுப்பில் வைத்து இறுக்கும் வகையும் உண்டு. அதற்கு டப்பாவில் போட்டிருக்கும் சூடுதான் கணக்கு. பாட்டிலைக் குளிர்ந்த அடுப்பில் வைத்து அதன்பின் சூடேற்ற வேண்டும், முடிந்ததும் அடுப்போடு சேர்த்தே ஆறவிட வேண்டும். காரணத்தைக் கண்ணாடிக்கடை ஐயா மேலே சொல்லிவிட்டார்.

எனக்குப் பிடித்தது உள்பக்க வண்ணம். பெயின்டைக் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து இளக்கி பாட்டிலுக்குள் ஊற்றி, சாய்த்துச் சுழற்றி எல்லாப் பக்கமும் படரவிட்டு, கவிழ்த்து மிச்சத்தை வடித்துவிடுங்கள். வெளியே கண்ணாடியின் பளபளப்பு, உள்ளே நிறம். பீங்கான் ஜாடி என்றே நினைப்பார்கள். உள்ளே காற்றோட்டம் இல்லாததால் காய நாள் பிடிக்கும். அதில் தண்ணீர் ஊற்றக்கூடாது, பூச்சு உரிந்து மிதக்கும். காய்ந்த புல், செயற்கைப் பூ, வெறும் மரக்கிளை இவற்றுக்குத்தான் ஆகும்.

மாடிப்படி:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. கூடத்து அலமாரிக்கு விளக்கு போடலாமா என்று யோசிக்கிறேன். கார்க் மூடியிலேயே பேட்டரி வைத்து வரும் குட்டி சீரியல் லைட் பார்த்தேன். அது எப்படி?

இரவுப்பறவை:

அழகுதான், ஆனால் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்த கார்க் வகை வேண்டவே வேண்டாம்.

அந்த கார்க்குக்குள் இருப்பது பட்டன் பேட்டரி, பெரும்பாலும் எல்ஆர்44 மூன்று. மூடி திருகாணி இல்லாமல் விரலாலேயே திறக்கிற மாதிரிதான் பலவற்றில் இருக்கும். குழந்தை விழுங்கினால் இது காசு விழுங்குவது மாதிரி இல்லை. உணவுக்குழாயில் சிக்கினால் எச்சில் வழியாக மின்சாரம் ஓடி, சுற்றியுள்ள சதையை அரித்துப் புண்ணாக்கும். அதிலும் 20 மி.மீ. அகலமுள்ள சிஆர்2032 மாதிரி லித்தியம் பேட்டரி சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் கடுமையான காயம் உண்டாகலாம். விழுங்கிய சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனை, வீட்டு வைத்தியம் கிடையாது.

தவிர அந்தப் பட்டன் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். இரவு முழுக்க எரியவிட்டால் காலையில் மங்கிக் கிடக்கும். அதற்குப் பதிலாகத் திருகாணி போட்டு மூடும் டபுள் ஏ பேட்டரிப் பெட்டியோடு வரும் லைட் வாங்குங்கள், அல்லது யுஎஸ்பி அடாப்டரில் சொருகுவது. வயர் பாட்டில் வாய் வழியாகவே வெளியே வந்து பின்பக்கம் இறங்கட்டும், துளை போட வேண்டியதில்லை. பெட்டியை பாட்டிலுக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள் சாயலுள்ள வார்ம் வொயிட் பழுப்பு பாட்டிலில் தேன் மாதிரி இறங்கும். நீலச்சாயல் வெள்ளை அதே பாட்டிலில் அழுக்காகத் தெரியும், வெள்ளை பாட்டிலுக்கே ஆகும். முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு 2 மீட்டர், 20 பல்பு போதும். அதற்கு மேல் திணித்தால் வயர்க் கட்டுதான் தெரியும்.

உள்ளே விடும்போது கட்டாக அமுக்காதீர்கள். முனையை முதலில் விட்டு, பாட்டிலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே வயரைக் கொடுத்தால் சுவரை ஒட்டிச் சுருளாக இறங்கும்.

நிழல்விளக்கு:

வயரே தெரியக்கூடாதென்றால் ஒரு வழி. டிரேசிங் பேப்பரை பாட்டிலின் நேர்ப்பகுதி உயரத்துக்கு வெட்டி, பென்சிலில் இறுக்கிச் சுருட்டிக் கழுத்து வழியாக உள்ளே விடுங்கள். உள்ளே போனதும் அதுவே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஓரம் சரியாக விழவில்லையென்றால் குச்சியால் தள்ளிக்கொள்ளலாம். அப்புறம் லைட். வெளியே பார்த்தால் ஒரு மங்கலான ஒளித்தூண் மட்டும் தெரியும். எல்இடி என்பதால் காகிதத்துக்குச் சூட்டுப் பயமில்லை. மெழுகுவர்த்திக்கு இந்தக் காகித வேலை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

பசை இல்லை, பெயின்ட் இல்லை. சலித்தால் இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும். அகன்ற வாய் ஜாடி என்றால் இன்னும் சுலபம்.

பொறுமைஇல்லை:

எல்லாம் சரி, பாட்டிலை வெட்டி டம்ளர் மாதிரி, தொட்டி மாதிரி செய்கிறார்களே? நூலை நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்து, பாட்டிலில் சுற்றிப் பற்றவைத்து, ஐஸ் தண்ணீரில் முக்கினால் கச்சிதமாக இரண்டாகிறது. வீடியோ பார்த்தேன். மாடிப்படி வெட்ட வேண்டாம் என்றால் வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கடை:

தம்பி, அந்த வீடியோவில் கச்சிதமாக வந்த ஒன்றைத்தான் காட்டுவார்கள். கோணலாகப் போனதெல்லாம் கேமராவுக்குப் பின்னால் கிடக்கும்.

அந்த முறையில் என்ன குறை என்று பார். அசிட்டோன் சட்டென்று பற்றும் திரவம், அதன் ஆவி திறந்த டப்பாவிலிருந்தே நெருப்பைப் பிடித்துக்கொள்ளும். நூலிலிருந்து சொட்டினால் மேசையும் எரியும், கையும் எரியும். அதைவிட முக்கியம், நெருப்பு கண்ணாடியை ஒரு கோடாகச் சூடாக்குவதில்லை, ஒரு பட்டையாகச் சூடாக்குகிறது. விரிசல் அந்தப் பட்டைக்குள் இஷ்டப்பட்ட வழியில் போகும். பாட்டில் அச்சில் ஊதிச் செய்வது, சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய அச்சுக்கோடு ஓடும் பார், அங்கேதான் விரிசல் அடிக்கடி திசை மாறும்.

வெட்டியே தீர வேண்டும் என்றால் கண்ணாடி கட்டர் சக்கரம் பொருத்திய தாங்கி வேண்டும். பாட்டிலை உருளைகள் மேல் படுக்கவைத்து, ஒரே அழுத்தத்தில், ஒரே ஒரு சுற்று. கீச்சென்ற மெல்லிய சத்தம் விடாமல் கேட்க வேண்டும். சத்தம் நின்ற இடத்தில் கீறல் விழவில்லை என்று பொருள். அதற்காக அதே கோட்டில் இரண்டாவது தடவை ஓட்டக்கூடாது, சில்லுச் சில்லாகப் பெயரும், சக்கரமும் மழுங்கும். அப்புறம் சூடான தண்ணீர், குளிர்ந்த தண்ணீர், மறுபடி சூடு, மறுபடி குளிர்ச்சி என்று அந்தக் கோட்டின் மேல் மட்டும் ஊற்றிக்கொண்டே வந்தால் விரிசல் கீறலைப் பிடித்துக்கொண்டு நடக்கும். பிடுங்கவோ முறிக்கவோ கூடாது, தானாகப் பிரிய வேண்டும். கொதிநீர் வேண்டாம் என்று மேலே சொன்னேனே, எந்தச் சங்கதி அங்கே கெடுதலோ அதே சங்கதி இங்கே வேலை செய்கிறது.

பிரிந்த ஓரம் பிளேடு. சிலிக்கான் கார்பைடு உப்புத்தாள், ஈரத்தில் தேய்க்கிற வகை, 80 நம்பர் தாளில் தொடங்கி 120, 220, 400 என்று போ. தாளும் நனைந்திருக்க வேண்டும், கண்ணாடியும் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணாடித் தூள் பறந்து கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள். வேலை முடிந்ததும் மேசையைத் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையே எறிந்துவிடு.

சதுர பாட்டிலையும், எழுத்துப் புடைத்த பாட்டிலையும் தொடாதே. வெட்டியதில் மெழுகு ஊற்றி விளக்காக்குகிறேன் என்றும் கிளம்பாதே, சூடு ஒரு பக்கமாக ஏறினால் சாதாரண பாட்டில் தாங்காது. அதில் குடிக்கிற எண்ணமும் வேண்டாம், எவ்வளவு தேய்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத சில்லு நிற்கலாம்.

பொறுமைஇல்லை:

படித்ததிலேயே களைத்துவிட்டேன் அண்ணே. பாட்டில் முழுசாகவே இருக்கட்டும்.

பச்சைத்தண்டு:

ஜன்னல் ஓரத்துக்கு நான் வருகிறேன். தண்ணீரில் வளரும் செடி வையுங்கள். மணி பிளான்ட்தான் தொடங்க ஏற்றது. கொடியில் இலை கிளம்பும் இடத்தில் ஒரு முண்டு, பக்கத்தில் பழுப்பாகச் சின்னக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கணு, வேர் அங்கிருந்துதான் வரும். கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு வெட்டி, அந்தக் கணு தண்ணீருக்குள் இருக்கும்படி வைக்க வேண்டும். கணு இல்லாத வெறும் இலைக்காம்பை வைத்தால் பச்சையாகவே நாள்கணக்கில் நிற்கும், கொடி மட்டும் வராது. தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அழுகித் தண்ணீரை நாறடிக்கும்.

வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வெள்ளை பாட்டிலில் வேர் இறங்குவதைப் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் வெளிச்சம் படுவதால் உள்சுவரில் பாசி பிடிக்கும். அங்கேதான் உங்கள் மருந்து பாட்டில்கள் ஜெயிக்கும். பழுப்புக் கண்ணாடி புற ஊதாவையும் நீல ஒளியில் பெரும்பகுதியையும் தடுத்துவிடும், பாசி குறையும், வேருக்கும் இருட்டு பிடிக்கும். குட்டி பாட்டிலுக்கு ஒரே ஒரு கொடி போதும். வேர் பெருத்துக் கழுத்தை அடைத்துக்கொண்டால் வெளியே எடுக்கும்போது அறுந்துபோகும்.

மணி பிளான்ட் இலையைக் குழந்தை மென்றால் வாய் எரியும், அதனால் எட்டாத உயரத்தில் வையுங்கள். புதினாத் தண்டும் இதே மாதிரி தண்ணீரில் வேர் விடும், அதற்கு அந்தக் கவலை இல்லை.

இரவுப்பறவை:

ஜன்னல் என்றதும் ஒன்று. தண்ணீர் நிரம்பிய உருளை வடிவ வெள்ளை பாட்டில், நேர் வெயிலில் லென்ஸாக வேலை செய்யும். வெளிச்சத்தை ஒரு கோடாகக் குவிக்கும். அந்தக் கோடு திரைச்சீலையிலோ காகிதத்திலோ விழுந்தால் கருகலாம், தீயும் பிடிக்கலாம். கோள வடிவ ஜாடி இன்னும் மோசம், புள்ளியாகவே குவிக்கும். நேர் வெயில் விழும் மேடையில் தண்ணீர் பாட்டில் வைப்பதென்றால் பழுப்போ பச்சையோ வையுங்கள், திரையைத் தள்ளிக் கட்டுங்கள்.

சும்மாவந்தேன்:

நீங்கள் எல்லாம் ஜன்னல் மேடையிலேயே நிற்கிறீர்கள். பீர் கம்பெனி முதலாளி ஆல்ஃபிரட் ஹைனெகன் 1960-ல் கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவுக்குப் போனபோது, கரையெல்லாம் காலி பாட்டில் கிடப்பதையும், மக்களுக்கு வீடு கட்டப் பொருள் இல்லாததையும் பார்த்தாராம். குடித்து முடித்ததும் செங்கல்லாக அடுக்கும்படி ஒரு சதுர பாட்டிலை வடிவமைக்க ஜான் ஹப்ராக்கன் என்ற டச்சுக் கட்டடக் கலைஞரிடம் சொன்னார். 1963-ல் ஒரு லட்சம் அளவுக்குச் செய்தார்கள். ஒன்றின் கழுத்து அடுத்ததன் அடிப்பள்ளத்தில் போய் உட்காரும். ஆனால் கடைக்கு வரவே இல்லை.

ஆனால் கம்பெனி எதுவும் சொல்லாமலேயே தாய்லாந்தின் சிசாகெட் மாகாணத்தில் பிக்குகள் 1984 முதல் பாட்டில் சேர்த்துக் கோயிலே கட்டிவிட்டார்கள், 15 லட்சம் பாட்டில்கள். வாட் பா மகா செடி கேவ் என்று பெயர். பெரும்பாலும் பச்சையும் பழுப்பும்தான். நிழல்விளக்கு சொன்ன நிற விதி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மாடிப்படி:

முடிவு செய்துவிட்டேன். ஜன்னலுக்குப் பழுப்புக் குட்டி பாட்டில்கள் வரிசையாக, ஒன்று விட்டு ஒன்றில் புதினாத் தண்டு. அலமாரிக்கு உயரமான வெள்ளை பாட்டிலில் டிரேசிங் பேப்பரும் வார்ம் வொயிட் லைட்டும், டபுள் ஏ பெட்டியோடு. பக்கத்தில் சதுர எண்ணெய் பாட்டிலுக்குக் கீழ்ப்பகுதியில் மட்டும் சணல், டேப் முறையில். மீதி பாட்டில்களைக் கழுவி மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுகிறேன். பரணும் காலியாகிவிடும், விற்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு சந்தேகம். சதுர பாட்டில் காலியாக இருக்கும்போது லேசாகத் தட்டினாலே ஆடுகிறது. மேலே உயரமான மரக்கிளை வைத்தால் சாய்ந்துவிடாதா?

கண்ணாடிக்கடை:

சாயும். அடியில் எடை போடு அம்மா. காய்ந்த மணல் ஒரு லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். முக்கால் லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டாலே 400 கிராம் வந்துவிடும், பாட்டிலின் சொந்த எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதன் வழியே ஊற்று. மணல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும், ஈரமிருந்தால் உள்ளே வேர்க்கும். கூழாங்கல் போடுவதென்றால் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துச் சரித்துவிடு, நிமிர்த்தி வைத்து மேலிருந்து போட்டால் அடி விரிசல் விடும்.

சணல்கயிறு:

மணலை முதலில் போட்டுவிட்டு அப்புறம் கயிறு சுற்றுங்கள் தோழி, எடையிருந்தால் பாட்டில் கையில் உருளாது. சதுர பாட்டில் என்பதால் நான்கு மூலையிலும் கயிறு இறுகும், நடுப்பக்கத்தில் தொய்யும். ஒவ்வொரு பக்கத்து நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு இருபுற டேப் ஒட்டிக்கொண்டு சுற்றுங்கள்.